மாமியார் சால்வைக்கு எந்தப் புசுபுசு நூல்?

டெல்லி மயூர் விஹாரிலிருந்து ஒரு வாசகி கேட்டிருக்கிறார்: ஜனவரியில் கும்பகோணத்திலிருந்து மாமியார் வருகிறார், அவருக்குப் பஞ்சு மாதிரி மெல்லிசாக ஒரு சால்வை பின்ன ஆசை, லேஸ் நூலில் இலைக்கொடி டிசைன் போடலாம் என்றிருக்கிறேன், மோஹேர் வாங்கட்டுமா, அங்கோராவா?

முதலில் அந்த இலைக்கொடியை மறந்துவிடுங்கள். புசுபுசு நூலில் ரோமம் வந்து லேஸ் டிசைனின் ஓட்டைகளை எல்லாம் அடைத்துவிடும், இரண்டு மாதம் கண்ணைக் கெடுத்துக்கொண்டு பின்னினாலும் கடைசியில் தெரிவது ஜனவரி காலை யமுனைக் கரைதான், ஒரே மூட்டம். இந்த நூலுக்குப் பெரிய ஓட்டை வைத்த எளிய டிசைன் போதும். இலைதான் வேண்டும் என்றால் ரோமம் நிற்காத மெல்லிய மெரினோ (செம்மறியாட்டுக் கம்பளி) லேஸ் நூல் வாங்குங்கள். பின்னியதை நனைத்து, இழுத்து, ஊசி குத்திக் காயவைத்தால் ஒவ்வொரு இலையும் எழுந்து நிற்கும்.

மோஹேர், அங்கோரா குழப்பம் எல்லோருக்கும் உண்டு. அங்கோரா ஆட்டு ரோமம்தான் மோஹேர். அங்கோரா என்று விற்பது முயல் ரோமம். கதகதப்பு அபாரம், ஆனால் புடவையெல்லாம் உதிரும். உங்களுக்கு என் ஓட்டு கிட் மோஹேரும் பட்டும் கலந்த நூலுக்கு. குட்டி ஆட்டு ரோமம் என்பதால் அவ்வளவாகக் குத்தாது, பட்டு இழை அதற்கு முதுகெலும்பு. பெரும்பாலும் 25 கிராம் உருண்டையில் 210 மீட்டர் இருக்கும். 50 செ.மீ. அகலம், 170 செ.மீ. நீளத்துக்கு மூன்று உருண்டை போதும், நான்காக வாங்குங்கள், நான்கும் ஒரே சாய எண்ணாக (ஒரே தடவையில் சாயம் போட்டதற்கு லேபிளில் இருக்கும் எண்) இருக்கட்டும்.

நம் ஊர்க் கடைகளில் மோஹேர் என்று கொடுப்பது பல நேரம் அக்ரிலிக்தான். ஒரு துண்டைக் கொளுத்திப் பாருங்கள். தலைமுடி கருகும் நாற்றமும் நசுக்கினால் பொடியாகும் சாம்பலும் வந்தால் அசல், உருகிக் கெட்டி மணியாகத் திரண்டால் செயற்கை. குழந்தைக் குல்லாவுக்கு அக்ரிலிக் பரவாயில்லை, ஆனால் மாமியார் ரூம் ஹீட்டரை ஒட்டித்தான் உட்காருவார் இல்லையா, அங்கே உருகும் நூல் வேண்டாம்.

அவருக்குத் தோல் அரிக்குமா என்று தெரியவில்லையே? சின்னதாக ஒரு துண்டு பின்னி நீங்களே கழுத்தில் அரை மணி நேரம் சொருகி வையுங்கள். உறுத்தினால் சூரி அல்பாகாவுக்கு (ஒட்டக இனத்தைச் சேர்ந்த அல்பாகாவின் ரோமம்) மாறலாம், இன்னும் வழவழப்பு.

நூல் மெல்லிசு என்பதற்காக மெல்லிய ஊசி எடுக்காதீர்கள், ரோமத்துக்கு இடம் வேண்டும். 4.5 அல்லது 5 மி.மீ. மூங்கில் ஊசி நல்லது, வழுக்காது. கறுப்பு, கருநீலம் வேண்டாம், ராத்திரி டியூப்லைட்டில் கண்ணி தெரியாது.

அப்புறம் பிரிப்பது. என் முதல் சால்வையில் நாற்பது வரிசைக்குக் கீழே ஒரு தப்பு, வேகமாக இழுத்தேன், ரோமம் ஒன்றோடொன்று சிக்கி முடிச்சாகி, கத்தரிக்கோலில்தான் முடிந்தது. அதனால் பத்து வரிசைக்கு ஒருமுறை ஊசியில் இருக்கும் கண்ணிகள் வழியே ஒரு வழுவழுப்பான பருத்தி நூலைக் கோத்துவிடுங்கள், தப்பு வந்தால் அந்த இடம் வரைதான் போகும். பிரிக்கும் முன் பையில் போட்டு ஒரு மணி நேரம் ஃப்ரீசரில் வைத்தால் சிக்கல் கொஞ்சம் இளகும்.

ஹோலி முடிந்ததும் அலசி நன்றாகக் காயவைத்து மூடிய கவரில் வைக்கச் சொல்லுங்கள். அழுக்கு ரோமம் என்றால் பூச்சிக்கு அல்வா.