லீ குவான் யூவின் சிங்கப்பூர்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

வேலை, வீடு, பாதுகாப்பு, இன ஒற்றுமை. இந்த நான்குக்கும் லீ குவான் யூ என்ன திட்டம் வைத்திருந்தார், அவை எப்படி நடந்தேறின என்று கேட்டு வந்த கடிதங்களிலிருந்து சில.

வெறும் மீனவக் குப்பத்தைப் பெருநகரமாக்கினார் என்கிறார்களே, உண்மையா?
(மன்னார்குடி வாசகர்)

மீனவக் குப்பம் என்பது மேடைப் பேச்சு. லீ பிரதமரான 1959-லேயே சிங்கப்பூர் பெரிய துறைமுக நகரம். வங்கிகள், கிடங்குகள், பிரிட்டிஷ் கடற்படைத் தளம் எல்லாம் இருந்தன. துறைமுகத்தை மட்டும் நம்பி எல்லோருக்கும் வேலை தர முடியவில்லை என்பதுதான் சிக்கல். மக்கள்தொகை ஆண்டுக்கு 4 விழுக்காட்டுக்கு மேல் ஏறிக்கொண்டிருந்தது. வீடு கட்டப் பொறுப்பேற்றிருந்த காலனிய அமைப்பு 32 ஆண்டுகளில் கட்டிக் கொடுத்தது சுமார் 23,000 வீடுகள். மற்றவர்கள் ஓலை வேய்ந்த அத்தாப்புக் குடிசைகளிலும், கடைவீடுகளைத் தடுத்து உண்டாக்கிய அறைகளிலும் நெருக்கியடித்து வாழ்ந்தார்கள்.

அந்நிய கம்பெனிகளை எப்படி இழுத்தார்கள்? வரிச்சலுகை மட்டும் போதுமா?
(ஓசூர் வாசகர்)

போதாது. அதை அவர்களே பட்டுத் தெரிந்துகொண்டார்கள். 1960-ல் ஐ.நா. குழுவோடு வந்த டச்சுப் பொருளியலாளர் ஆல்பர்ட் வின்செமியஸ், ஆள்பலம் அதிகம் தேவைப்படும் தொழில்களில் தொடங்கச் சொன்னார். அவர் சொன்ன இன்னொன்று, சிங்கப்பூரில் பிரிட்டிஷ் குடியேற்றத்தைத் தொடங்கிய ராஃபிள்ஸின் சிலையைப் பற்றியது: அகற்றாதீர்கள், அது நின்றால்தான் மேலைநாட்டு முதலீட்டாளர் நம்பி வருவார். சிலை இன்றும் நிற்கிறது. 1961-ல் பொருளியல் வளர்ச்சிக் கழகம் 10 கோடி வெள்ளி (டாலர்) ஒதுக்கீட்டில் பிறந்தது. நிதியமைச்சர் கோ கெங் சுவீ சதுப்பு நிலத்தை நிரவி ஜூரோங் தொழிற்பேட்டையைப் போட்டார். சாலை, மின்சாரம், தண்ணீர் எல்லாம் வந்த பிறகும் மனைகள் காலியாகக் கிடந்தன. ‘கோவின் கோமாளித்தனம்’ என்று ஊரே கேலி பேசியது.

ஏன் கிடந்தன? மலேசியா என்ற பெரிய உள்நாட்டுச் சந்தையை நம்பித்தான் அந்தத் தொழிற்பேட்டைக் கணக்கே போடப்பட்டிருந்தது. 1965 ஆகஸ்டில் மலேசியாவிலிருந்து சிங்கப்பூர் பிரிந்ததும் சந்தை போயிற்று. அடுத்து 1968 ஜனவரியில், ராணுவத் தளங்களை 1971-க்குள் காலி செய்வோம் என்று பிரிட்டன் அறிவித்தது. பொருளாதாரத்தில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு அந்தத் தளங்களை ஒட்டியே ஓடிக்கொண்டிருந்தது.

அதற்குள் ஏற்றுமதி லாபத்துக்கான வரியை 40 விழுக்காட்டிலிருந்து 4 ஆகக் குறைத்திருந்தார்கள். 1968-ல் வேலைவாய்ப்புச் சட்டம் வந்தது: வாரம் 44 மணி நேரம், விடுப்பு, போனஸ், மிகைநேரம் எல்லாவற்றுக்கும் வரம்பு. ஆளை எடுப்பது, நீக்குவது, பதவி உயர்வு ஆகியவற்றில் தொழிற்சங்கம் பேரம் பேச முடியாதபடி இன்னொரு திருத்தம். 1961-ல் நூற்றுக்கும் மேற்பட்ட வேலைநிறுத்தங்கள் நடந்த ஊரில் 1969-ல் ஒன்றுகூட இல்லை. டெக்ஸஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் போன்ற அமெரிக்க மின்னணு நிறுவனங்கள் வரத் தொடங்கியது இந்தக் கட்டத்தில்தான். செம்பவாங் கடற்படைத் தளத்தின் கப்பல் பட்டறையைப் பெயரளவுக்கு ஒரு வெள்ளி விலையில் வாங்கி வணிகக் கப்பல் பழுதுபார்க்கும் இடமாக்கினார்கள்.

அதிகம் பேசப்படாத ஒரு ஏற்பாடும் உண்டு. அடுக்குமாடித் தொழிற்கூடங்களைக் குடியிருப்புப் பேட்டைகளுக்குள்ளேயே கட்டினார்கள். வீட்டுப் பெண்கள் நடந்தே வேலைக்குப் போய்வர முடிந்தது. வரிச்சலுகையை எந்த நாடும் அறிவித்துவிடலாம். இந்த மாதிரி ஏற்பாட்டுக்குத்தான் ஒரு துறை இன்னொரு துறையோடு பேச வேண்டியிருக்கிறது.

ஏழை நாடு அவ்வளவு வீடு கட்ட பணம் ஏது? கடனா?
(ஈரோடு வாசகி)

பெரும்பகுதி தொழிலாளியின் சொந்தச் சேமிப்பு. லீயின் திட்டங்களில் ஒன்றை மட்டும் படிக்க நேரமிருந்தால் இதைப் படியுங்கள். மற்ற மூன்றும் இதில்தான் வந்து முட்டுகின்றன.

வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் (வீவக) 1960 பிப்ரவரியில் லிம் கிம் சான் தலைமையில் தொடங்கி, முதல் ஐந்தாண்டில் 50,000-க்கு மேல் வீடுகளைக் கட்டியது. நிலத்துக்குச் சட்டம்தான் கைகொடுத்தது. 1961 மே 25-ல் புக்கிட் ஹோ சுவீ குடிசைப் பகுதி எரிந்து சுமார் 16,000 பேர் வீடிழந்தார்கள். எரிந்து காலியான நிலத்தை, குடிசைகள் இருந்தபோது இருந்த குறைந்த மதிப்பிலேயே அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று விதி வந்தது. நெருப்பு வைத்து நிலத்தின் விலையை ஏற்றும் வழி அதோடு அடைபட்டது. 1966-ல் நில எடுப்புச் சட்டம். பிறகு இழப்பீட்டை 1973 நவம்பர் 30-ம் தேதி மதிப்போடு கட்டிப்போட்டார்கள். சாலையும் ரயிலும் வந்து ஏறிய விலை நிலக்காரருக்குப் போகவில்லை. பழைய நிலக்காரர் குடும்பங்களுக்கு அந்த மனத்தாங்கல் இருப்பதில் வியப்பில்லை.

இனி பணம். மத்திய சேமநிதி 1955-லேயே பிரிட்டிஷார் தொடங்கியது: சம்பளத்தில் தொழிலாளி 5 விழுக்காடு, முதலாளி 5 விழுக்காடு கட்ட வேண்டும். வீட்டைச் சொந்தமாக விற்கும் திட்டம் 1964-ல் வந்தும் சூடுபிடிக்கவில்லை, முன்பணம் கட்ட ஆட்களிடம் காசில்லை. 1968-ல் சேமநிதியிலிருந்தே முன்பணமும் மாதத் தவணையும் கட்டலாம் என்றார்கள், கதை மாறியது. சேமநிதிப் பணம் அரசுப் பத்திரத்துக்குப் போகும். அரசு வீவகவுக்குக் கடன் தரும். வீவக வாங்குபவருக்குக் கடன் தரும். அவர் சேமநிதியிலிருந்து தவணை கட்டுவார். சந்தா படிப்படியாக ஏறி 1984-ல் 25+25 ஆனது. 1,000 வெள்ளி சம்பளக்காரர் பெயரில் மாதம் 500 வெள்ளி.

எங்கே இடிக்கும்? வீடு 99 ஆண்டுக் குத்தகைதான். விற்றால், சேமநிதியிலிருந்து எடுத்த தொகையை, அது உள்ளேயே இருந்திருந்தால் கிடைத்திருக்கும் வட்டியோடு சேர்த்துத் திருப்பி வைக்க வேண்டும். முதுமைக்கான பணம் சுவரில் முடங்குகிறது. பழைய பேட்டைகளில் குத்தகைக் காலம் கரையக் கரைய இந்தக் கவலை கூடுகிறது.

கட்டாய ராணுவச் சேவைக்கு எதிர்ப்பே இல்லையா?
(நாகர்கோவில் வாசகர்)

இருந்தது, ஆனால் அடி பலமாக விழாதபடி தொடங்கினார்கள். பிரிவினையின்போது கையிலிருந்தது இரண்டு காலாட்படைப் பட்டாலியன்கள் மட்டும். 1967 மார்ச்சில் தேசிய சேவைச் சட்டத் திருத்தம். 1949-ன் முதல் ஆறு மாதங்களில் பிறந்த சுமார் 9,000 இளைஞர்களைப் பதிவு செய்யச் சொன்னார்கள். அதில் பத்தில் ஒருவரைத்தான் முழுநேரப் பயிற்சிக்கு எடுத்தார்கள், மற்றவர்களுக்குப் பகுதிநேரம். பயிற்சி தந்தது இஸ்ரேல். அக்கம்பக்க நாடுகள் கொதிக்கக் கூடாதென்று அந்த ஆலோசகர்களை ‘மெக்சிகோக்காரர்கள்’ என்றே அழைத்தார்கள். வீட்டுக்கும் இதற்கும் முடிச்சு உண்டு: சொந்த வீடில்லாதவனின் மகன் எதைக் காக்கப் போரிடுவான் என்பது லீ வெளிப்படையாகச் சொன்ன வாதம். ஒரு கறையும் உண்டு. தொடக்க ஆண்டுகளில் மலாய் இளைஞர்களைப் பெரும்பாலும் அழைக்கவில்லை. ஒற்றுமைக்கான படை என்று சொல்லிக்கொண்டு செய்த காரியம் அது.

தமிழர்கள் ஓரிடத்தில் சேர்ந்து வீடு வாங்க முடியாதாமே?
(தேவகோட்டை வாசகர்)

1964-ல் மலாய்க்காரருக்கும் சீனருக்கும் இடையே நடந்த கலவரங்களில் முப்பதுக்கும் மேற்பட்டோர் இறந்தது ஆட்சியாளர்களுக்கு ஆறாத பயம். மலாய், சீனம், ஆங்கிலத்தோடு தமிழையும் அதிகாரபூர்வ மொழியாக வைத்துக்கொண்டார்கள். தேசிய உறுதிமொழியை 1966-ல் எழுதியவர் யாழ்ப்பாணத்தில் பிறந்த எஸ். ராஜரத்தினம். 1989 மார்ச்சில் வந்தது நீங்கள் கேட்கும் இன ஒருங்கிணைப்புக் கொள்கை.

வீவக வீடுகளில் எந்த இனத்தவர் எத்தனை விழுக்காடு இருக்கலாம் என்று கட்டடத்துக்குக் கட்டடம் வரம்பு உண்டு: சீனர் 87, மலாய்க்காரர் 25, இந்தியரும் மற்றவரும் 15 விழுக்காடு (2010 வரை 13). பேட்டை அளவில் இதைவிடச் சற்றுக் குறைவு. இந்தியர் வரம்பு நிரம்பிய கட்டடத்தில் இந்தியர் ஒருவர் இன்னோர் இந்தியரிடமிருந்தோ ‘மற்றவர்’ பிரிவினரிடமிருந்தோ மட்டுமே வாங்கலாம். சேர்ந்து வாங்கவே முடியாது என்பதில்லை. 15 வரை முடியும்.

உண்மையில் கையைக் கடிப்பது வேறொரு வரம்பு. சீனர் எண்ணிக்கை நிரம்பிய கட்டடத்தில் வீடு வைத்திருக்கும் தமிழர் அதைச் சீனருக்கு விற்க முடியாது. நாட்டில் முக்கால்வாசிப் பேர் சீனர். வாங்கும் கூட்டம் சுருங்கினால் விலை இறங்கும், மாதக்கணக்கில் காத்திருக்க நேரும். எண்ணிக்கை மாதந்தோறும் முதல் தேதி புதுப்பிக்கப்படுவதால், விற்க நினைப்பவர் விலை பேசுவதற்கு முன் வீவக இணையதளத்தில் தம் கட்டட நிலவரத்தைப் பார்த்துக்கொள்வது நல்லது.

அவர் செய்ததெல்லாம் சரிதானா?
(மதுரை வாசகி)

இல்லை. 1963 பிப்ரவரியில் ஒரே இரவு நடவடிக்கையில் நூற்றுக்கும் மேற்பட்டோரை விசாரணையின்றிப் பிடித்தார்கள். நாடாளுமன்ற உறுப்பினராக இருந்த சியா தை போ 1966-லிருந்து 23 ஆண்டுகள் வழக்கே இல்லாமல் உள்ளே இருந்தார். 1979-லிருந்து சம்பளத்தை வேண்டுமென்றே உயர்த்திக்கொண்டே போனார்கள். செலவு ஏறி 1985-ல் பொருளாதாரம் சுருங்கியது, முதலாளிகளின் சேமநிதிச் சந்தாவை 25-லிருந்து 10-ஆக வெட்ட வேண்டியதாயிற்று. பட்டதாரித் தாய்மார்களின் பிள்ளைகளுக்குப் பள்ளியில் முன்னுரிமை என்ற திட்டமும் மக்களிடம் எடுபடவில்லை. 1984 தேர்தலில் ஆளுங்கட்சிக்கு 12 விழுக்காட்டுக்கு மேல் வாக்கு சரிந்தது. திட்டம் கைவிடப்பட்டது.

சூயிங்கம்மைத் தடை செய்தது ஏன்?
(சேலம் வாசகர்)

தடை வந்தது 1992 ஜனவரியில். அப்போது பிரதமர் கோ சோக் டோங். 1987-ல் ஓடத் தொடங்கிய எம்.ஆர்.டி. ரயிலின் கதவு சென்சார்களில் சிலர் கம்மை ஒட்ட, கதவு மூடாமல் ரயில்கள் நின்றன. மென்றால் குற்றமில்லை, விற்பதும் உள்ளே கொண்டுவருவதும்தான் குற்றம். புகைப்பதை விட உதவும் நிக்கோட்டின் கம் போன்றவை 2004-லிருந்து மருந்தகங்களில் கிடைக்கின்றன.