குறுங்குடல் பாதிப்பு: குழந்தைக்கு வெட்டிய குடல் திரும்ப வளருமா?

குடல் முறுக்கியதால் குழந்தையின் சிறுகுடலில் பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள், திரும்ப வளருமா என்று கேட்டிருக்கிறீர்கள். வெட்டிய துண்டு முளைக்காது. ஆனால் மிச்சமிருக்கும் குடல் பழகிக்கொள்ளும்: உள்சுவரின் உறிஞ்சிகள் (விரல் போன்ற நுண்ணிய நீட்சிகள்) நீண்டு, குடல் அகன்று, சத்தை அதிகமாக உறிஞ்சத் தொடங்கும். மாதங்கள், சில சமயம் வருடங்களே ஆகும். குழந்தைக்குக் குடல் இயல்பாகவே இன்னும் நீளும். பெரியவர்களுக்கு இல்லாத சாதகம் இது.

அதுவரை சத்துகள் பெரிய ரத்தநாளத்தில் செருகிய குழாய் வழியே ஏறும். 1960-களின் இறுதியில் அமெரிக்காவின் பிலடெல்பியாவில் ஒரு பச்சிளங்குழந்தையை இப்படி வளர்த்துக் காட்டிய பிறகுதான் இதற்கெல்லாம் வழி பிறந்தது. கூடவே தாய்ப்பாலைச் சொட்டுச் சொட்டாகக் கொடுப்பார்கள். வேலை இருந்தால்தான் குடல் பழகும்.

சரி, ஆபத்து எங்கே? அந்த ரத்தநாளக் குழாய்வழித் தொற்றும் கல்லீரல் பாதிப்பும்தான். காய்ச்சல் வந்தால் பாராசிட்டமால் கொடுத்துக் காத்திருக்காமல் உடனே மருத்துவமனைக்கு ஓடுங்கள். சிறுகுடலின் கடைப்பகுதி போயிருந்தால் வைட்டமின் பி12 ஊசியும் தேவைப்படலாம்.