மகள் கையில் பீர் கிளாஸ்

வணக்கம்.

என் மகள் பல்கலைக்கழகத்தில் இரண்டாம் ஆண்டு, அங்குள்ள மாணவர் விடுதியில் தங்கிப் படிக்கிறாள். தோழியின் பிறந்தநாள் படத்தில் இவள் கையில் பீர் கிளாஸ். கேட்டால், “எல்லாரும்தான் குடிக்கிறாங்கம்மா” என்கிறாள். அவள் அண்ணனும் குடிப்பான். ஆனால் அவன் ஆண், சமாளித்துக்கொள்வான். இவளை வீட்டுக்கே கூட்டிவந்துவிடலாமா?

ஒரு தாய், ஈசூன், சிங்கப்பூர்

அன்புள்ள சகோதரிக்கு,

கூட்டிவர வேண்டாம்.

மகன் சமாளிப்பான் என்கிறீர்கள். அவன் எவ்வளவு குடிக்கிறான் என்று என்றாவது கேட்டிருக்கிறீர்களா? கடிதத்தில் அதைப் பற்றி ஒரு வரிகூட இல்லை.

உடல் விஷயத்தில் மட்டும் வித்தியாசம் உண்டு. பெண் உடலில் பொதுவாக நீரின் பங்கு குறைவு. அதனால் இருவரும் ஒரே எடை, ஒரே அளவு குடித்தாலும் பெண்ணின் ரத்தத்தில் மது கூடுதலாக ஏறும். குடும்ப மானத்தைப் பேசுவதைவிட இதைச் சொல்லுங்கள், காதில் ஏறும். அப்புறம், சீனத் தோழிகள் பலருக்கு ஒரு கிளாஸிலேயே முகம் சிவந்துவிடும். மது உடலில் சிதையும்போது உண்டாகும் நச்சை உடைக்கும் நொதி ஒன்று அவர்களில் பலருக்குப் பிறப்பிலேயே சரியாக வேலை செய்யாது. நம்மவர்களில் அது அபூர்வம். முகம் சிவக்காத நம் பிள்ளையைப் பார்த்து, “உனக்கு ஒண்ணும் ஆகலையே” என்று இன்னொரு கிளாஸ் ஊற்றுவார்கள்.

18 வயதானால் சட்டம் தடுக்காது. 2015 முதல் இரவு 10.30க்கு மேல் கடையில் மது வாங்க முடியாது, பொது இடத்தில் குடிக்கவும் கூடாது. பிறகு மிச்சம் பார்தான், இல்லையென்றால் யாருடைய அறையாவது. பார்களில் ‘லேடீஸ் நைட்’ என்று பெண்களுக்கு இலவசமாக ஊற்றுகிறார்களே, அந்த இலவசம் யாரை உள்ளே வரவழைக்க என்று அவளையே கேட்டுப் பாருங்கள். சிரித்துவிட்டு யோசிப்பாள்.

நான் பேசிய தமிழ் மாணவிகள் சிலர் ஒன்று சொன்னார்கள். மற்ற இனத்துத் தோழிகளோடு இருக்கும்போது கூச்சமில்லையாம். மேசைக்கு ஒரு தமிழ்ப் பையன் வந்தால் கிளாஸ் பக்கத்துத் தோழியின் முன்னால் போய்விடுமாம். குடியைவிட ஊர்வாய்க்குத்தான் பயம். அந்தப் பயத்தில் இருக்கிற பெண், ராத்திரி ஒரு மணிக்கு உடம்புக்கு முடியாமல் போனால் வீட்டுக்குப் போன் போடமாட்டாள். அந்த நேரத்தில் ரயிலும் இருக்காது. யாரோ அரைகுறையாகத் தெரிந்தவர், “என் வீட்டுல படுத்துக்கோ” என்பார். என் கவலையெல்லாம் இதில்தான்.

உங்கள் மகள் படத்தை மறைக்கவில்லை, கேட்டதற்குப் பொய்யும் சொல்லவில்லை. வீட்டுக்கு இழுத்துவந்தால் அந்த நேர்மை போய்விடும். எந்த நேரமானாலும் போன் பண்ணு, டாக்சிக் காசு நான் கொடுக்கிறேன், அன்றைக்கு ஒரு கேள்வியும் கேட்கமாட்டேன் என்று சொல்லிவையுங்கள். திட்டுவதை மறுநாள் பசியாறிய பிறகு வைத்துக்கொள்ளலாம்.