பெரிய பாகம் கிடைத்துவிடும், சின்னதுதான் கிடைக்காது: கேள்வி பதில்

எஞ்சின், கியர்பாக்ஸ் எல்லாம் எப்படியாவது கிடைத்துவிடும். ஏசி குமிழ், கண்ணாடி ஸ்விட்ச், கதவுப் பட்டியைப் பிடித்து நிற்கும் கிளிப், இவைதான் மாதக்கணக்கில் தூக்கத்தைக் கெடுப்பவை. அதனால் இன்று முழுக்கச் சின்னப் பாகங்கள் மட்டும். 1970, 80களின் பென்ஸ் எனக்கு நன்றாகவே தெரியும், பழைய பிரிட்டிஷ் வண்டிகள் ஓரளவு. இத்தாலிய வண்டிக்காரர்கள் மன்னிக்கவும். கேட்பதற்கு முன் ஒன்று: உடைந்த துண்டைத் தூக்கிப் போடாதீர்கள். இதை இன்று இன்னும் பலமுறை சொல்லப்போகிறேன்.

சாம்பல் பென்ஸ்: அண்ணா, பென்ஸ் 123 மாடல் வைத்திருக்கிறேன், 1982 டீசல். ஹீட்டர் குமிழ் உடைந்துவிட்டது. எங்கே கிடைக்கும்?

எந்தக் குமிழ்? அந்த டேஷ்போர்டில் ஒன்றா இரண்டா? உடைந்ததன் பின்பக்கம் நம்பர் இருக்கும், சின்னதாக, விளக்கைச் சாய்த்துப் பிடித்தால்தான் தெரியும். பார்த்துவிட்டு வாருங்கள்.

இரண்டு கதவு: சார், பென்ஸ் பார்ட் நம்பரை எப்படிப் படிப்பது? பழைய வண்டியில் கழற்றிய கைப்பிடி ஒன்றைப் பார்த்தேன், என்னுடையது மாதிரியே இருக்கிறது. ஆனால் கடைக்காரர் இது உங்கள் மாடலுக்கு இல்லை என்கிறார்.

இதைக் கேட்டதற்கு நன்றி, பாதிப் பேருடைய பிரச்சினை இதிலேயே தீர்ந்துவிடும்.

முதலில் ஏ (A) என்ற ஆங்கில எழுத்து, அப்புறம் பத்து இலக்கம். முதல் மூன்று இலக்கம் அந்தப் பாகம் எந்த மாடலுக்காக முதலில் வரையப்பட்டதோ அதைச் சொல்லும். உங்கள் வண்டி எது என்பதைச் சொல்லாது, இங்கேதான் எல்லோரும் சறுக்குவது. அடுத்த மூன்று, வண்டியில் அது எந்த இடத்துப் பாகம் என்பது: 72-ல் தொடங்கினால் முன்கதவு, 76 பூட்டு, கைப்பிடி வகையறா, 82 மின்சாரம், 83 ஹீட்டரும் ஏசியும். மீதி நான்கு வரிசை எண். அதற்கும் பின்னால் இன்னொரு நான்கு இலக்கம் ஒட்டிக்கொண்டிருந்தால் அது நிறம். என் (N) என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் பொதுவான போல்ட், வாஷர்.

1976-ல் வந்த 123 வண்டிக்குள் கையை விட்டால் 115, 116, 107 என்று தொடங்கும் பாகங்கள் நிறைய வரும், முந்தைய மாடல்களிலிருந்து அப்படியே எடுத்தவை. அதேபோல 1979-ல் வந்த 126-க்குள் 123 நம்பர்கள் இருக்கும். 107 ரோட்ஸ்டரை, அதாவது கூரை திறக்கும் இரண்டு கதவு வண்டியை, 1971-லிருந்து 1989 வரை செய்தார்கள், நடுவே எத்தனை செடான்கள் வந்து போயின, அவற்றோடு அது ஸ்விட்சும் கிளிப்பும் பகிர்ந்துகொண்டது. அதே துண்டை ரோட்ஸ்டர் பாகம் என்று விளம்பரம் போட்டால் விலை ஏறும், டீசல் செடான் பாகம் என்றால் சீந்த ஆள் இருக்காது. நீங்கள் டீசல் பக்கம் தேடுங்கள்.

கடைக்காரர் கணினியில் மாடல் பெயரைப் போட்டுப் பார்த்திருப்பார். நம்பரைப் போடச் சொல்லுங்கள். தேடும்போது இடைவெளி விட்டும் விடாமலும், ஏ சேர்த்தும் சேர்க்காமலும் தேட வேண்டும், விற்பவர்கள் ஆளுக்கொரு மாதிரி அடிக்கிறார்கள். பழைய நம்பருக்குப் பதில் புது நம்பர் வந்திருந்தால் இரண்டையும் தேடுங்கள், ஏனென்றால் அலமாரி மூலையில் பல வருடமாகக் கிடக்கும் சரக்கு பழைய நம்பரில்தான் கிடக்கும். பாகத்தின் மேலேயே பாஷ், ஹெல்லா, விடிஓ என்று அதைச் செய்த கம்பெனியின் பெயர் இருந்தால் அவர்கள் போட்ட நம்பரையும் குறித்துக்கொள்ளுங்கள். அது தனி வழி.

சிவப்புக் குதிரை: ஃபெராரி 400, கண்ணாடி ஸ்விட்ச்?

இத்தாலி. மேலேயே சொல்லிவிட்டேன்.

கிலோமீட்டர் ராஜா: ஸ்பீடோமீட்டர் முள் ஓடுகிறது, கிலோமீட்டர் எண் மட்டும் நகரவில்லை. மொத்த மீட்டரையும் மாற்ற வேண்டுமா?

வேண்டாம். அந்தக் கால பென்ஸ்களின் விடிஓ மீட்டரில் எண் உருளைகளைச் சுற்றும் குட்டிப் பல்சக்கரம் அதன் தண்டின் மேல் வழுக்க ஆரம்பித்துவிடும். சக்கரம் சுற்றும், தண்டு சும்மா நிற்கும். தண்டை உருவி, சக்கரம் உட்காரும் இடத்தில் கத்தி முனையை அழுத்தி உருட்டிச் சொரசொரப்பாக்கி, ஒரு பொட்டு லாக்டைட் பசை வைத்துத் திரும்ப அழுத்தினால் போதும். பொட்டு என்றால் பொட்டுதான், வழிந்தால் பக்கத்து உருளையும் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும்.

வேறு சில வண்டிகளில் இதே இடத்தில் பிளாஸ்டிக் சக்கரம், பழசானால் பிஸ்கட் மாதிரி உதிரும். அப்போது பல் எண்ண வேண்டும். கருப்புத் துணி விரித்து, உதிர்ந்த துணுக்குகளை வட்டமாக அடுக்கி, ஒரு பல்லில் பேனாவால் புள்ளி வைத்து அங்கிருந்து எண்ணுங்கள். இரண்டு முறை. ஒரு பல் கூடக் குறைய இருந்தாலும் சக்கரம் உட்கார்ந்துவிடும், ஓடவும் செய்யும், கிலோமீட்டர்தான் பொய் சொல்லும். இதற்காகத்தான் சொல்கிறேன், உடைந்ததைக் குப்பையில் போடாதீர்கள்.

அச்சுக்காரன்: இப்போதுதான் 3டி பிரிண்டர் இருக்கிறதே, எதற்கு இவ்வளவு அலைச்சல்?

நல்ல வழிதான். கம்பெனிகளே செய்கிறார்கள். 2018-ல் போர்ஷே தன் 959 வண்டியின் கிளட்ச் லீவரை இப்படி உலோகத்தில் அச்சிட்டுத் தந்தது, மொத்தமே 292 வண்டிதான் செய்தது, அதற்காக யார் வார்ப்பு அச்சு வைத்திருப்பார்கள்? அதே ஆண்டு பென்ஸும் பழைய 300 எஸ்எல் வண்டியின் உள்கண்ணாடி அடித்தளத்தை அச்சிட்டது.

வீட்டில் செய்பவர்களுக்குத்தான் என் எச்சரிக்கை. பிரிண்டரில் சாதாரணமாகப் போடும் பிஎல்ஏ பிளாஸ்டிக் 60 டிகிரிப் பக்கத்தில் இளகிவிடும். வெயிலில் பூட்டி நிறுத்திய காரின் டேஷ்போர்டு அதைச் சாதாரணமாகத் தாண்டும், மாலையில் வந்து பார்த்தால் உங்கள் ஏசி வாய் வாடிய இலை மாதிரி தொங்கும். ஏபிஎஸ் பிளாஸ்டிக் 100 டிகிரி வரை தாங்கும், வெயில் நேராகப் படும் இடத்துக்கு ஏஎஸ்ஏ பிளாஸ்டிக் இன்னும் நல்லது. வளைந்து கொடுக்க வேண்டிய கிளிப் என்றால் நைலான், அதையும் படுக்க வைத்து அச்சிடுங்கள், நிற்க வைத்தால் அடுக்கடுக்காகப் பிளக்கும். பிரேக், ஸ்டியரிங், பெட்ரோல் குழாய்ப் பக்கம் பிரிண்டரைக் கொண்டுபோகவே கூடாது.

நான்கைந்து குமிழ்தான் தேவை என்றால் பிரிண்டரே வேண்டாம். உடைந்த குமிழைச் சோப்பில் கழுவி, ஒட்டி, போன மூலையைக் களிமண்ணால் நிரப்பி, சிலிகான் ஊற்றி அச்செடுங்கள். அதில் பாலியூரித்தேன் ரெசின். மேலே காற்று போக ஒரு சின்ன வழி விட வேண்டும், இல்லாவிட்டால் முனையில் குமிழி நிற்கும். அசலின் தோல் போன்ற சொரசொரப்பு முதற்கொண்டு அப்படியே வரும்.

வெள்ளிக் கைப்பிடி: ஐயா, குரோம் கைப்பிடியில் புள்ளி புள்ளியாகக் கொப்புளம். பாலிஷ் போட்டால் போகுமா?

போகாது. அது ஜிங்க் வார்ப்பு, அரிப்பு உள்ளிருந்து மேலே வருகிறது. குரோமைக் கழற்றி, குழிகளைச் சுரண்டி, செம்பு பூசி, தேய்த்து, மறுபடி செம்பு, அப்புறம் நிக்கல், கடைசியில் குரோம். பொறுமை வேண்டும். இரும்பு பம்பர் செய்பவர் எல்லோருக்கும் இது கைவராது. நான் ஒருமுறை ஒரு பட்டறையில் பின்பக்க நம்பர் பிளேட் விளக்கின் மூடியைக் கொடுத்தேன். இரும்பு என்று நினைத்து அமிலத் தொட்டியில் போட்டுவிட்டார்கள், ஜிங்க் அமிலத்தில் கரையும். திரும்பி வந்தபோது திருகு துளைகள் கட்டை விரல் நுழையும் அளவுக்கு இருந்தன. கொடுக்கும் முன் “இது ஜிங்க், முதலில் செம்பு” என்று வாயால் சொல்லுங்கள், பையிலும் எழுதி ஒட்டுங்கள்.

ஜாகுவார் மாமா: 1960களின் வண்டி. உள்விளக்குத் திருகு ஒன்று தொலைந்தது. எம்5 போட்டேன், இரண்டு சுற்று போகிறது, அப்புறம் இறுகுகிறது.

நிறுத்துங்கள், மரை போய்விடும். லூகாஸ் என்ற பிரிட்டிஷ் கம்பெனியின் மின்சாமான்களில் பிஏ என்ற பழைய பிரிட்டிஷ் மரை வரும். 2பிஏ 4.7 மில்லிமீட்டர் தடிமன், 0.81 பிட்ச், அதாவது ஒரு மரைக்கும் அடுத்ததற்கும் உள்ள இடைவெளி. எம்5 0.8 பிட்ச். கிட்டத்தட்ட ஒன்றுபோல இருப்பதால்தான் இரண்டு சுற்று ஏமாற்றுகிறது. கால் அங்குலத்திலும் இதே கதை: பிரிட்டிஷ் பிஎஸ்எஃப் என்றால் அங்குலத்துக்கு 26 மரை, அமெரிக்க வகையான யுஎன்எஃப் என்றால் 28. பிரிட்டிஷ் விட்வொர்த்தும் அமெரிக்க வகையான யுஎன்சியும் இரண்டுமே 20, ஆனால் மரையின் கோணம் ஒன்று 55, மற்றது 60. மரை அளக்கும் சீப்பு ஒன்று வாங்கிவிடுங்கள்.

புதுசு: கண்ணாடி ஸ்விட்ச் எங்கே கிடைக்கும்?

எந்த வண்டி, எந்த ஆண்டு, என்ன நம்பர்?

நீல வானம்: சார், கண்ணாடி ஸ்விட்ச் வேலை செய்யவில்லை, எங்கே கிடைக்கும்?

மேலே பாருங்கள். கழற்றித் திறந்து, உள்ளே செம்புத் தகடு கறுத்திருந்தால் துடைத்தும் பாருங்கள். பாதி ஸ்விட்ச் அதிலேயே பிழைத்துவிடும்.

அசல் மட்டும்: நீங்கள் டீசல் வண்டிப் பாகத்தை ரோட்ஸ்டரில் போடச் சொல்கிறீர்கள். சொகுசு வண்டிக்கு மலிவு வண்டிப் பாகம் போட்டால் அதன் மரியாதை என்ன ஆவது?

தம்பி, மலிவுப் பாகத்தைப் போட்டதே கம்பெனிதான். 1999-ல் மாற்றி வந்த லம்போர்கினி டியாப்லோவின் முன்விளக்கு நிசான் 300இசட்எக்ஸ் உடையது. ஆஸ்டன் மார்ட்டின் விராஜின் பின்விளக்கு ஃபோக்ஸ்வாகன் சிராக்கோவிலிருந்து வந்தது. ஜாகுவார் எக்ஸ்ஜே220-ன் பக்கக் கண்ணாடி சிட்ரோயன் சிஎக்ஸ் கண்ணாடி. இவற்றுக்கெல்லாம் மரியாதை போய்விட்டதா?

அசல் மட்டும்: அது கம்பெனி முடிவு. நான் பெட்டியைச் சொல்கிறேன். பென்ஸ் நட்சத்திரம் போட்ட பெட்டியில் வருவதுதான் அசல்.

பெட்டிக்குள் இருப்பதைச் செய்தது யார்? பென்ஸுக்குப் பாகம் செய்து தரும் லெம்ஃபோர்டர் கம்பெனியின் பெட்டியில் வாங்கிப் பாருங்கள், சில பாகங்களில் நட்சத்திரம் இருந்த இடத்தைத் தேய்த்து எடுத்திருப்பார்கள், தேய்த்த தடம் விரலில் தட்டுப்படும். ஒரே வார்ப்பு.

மெக்கானிக் மச்சான்: அண்ணே, இதைத்தான் நானும் பலகாலமாகச் சொல்கிறேன். பெட்டிக்கு மட்டும் காசு கொடுக்கிறார்கள்.

அசல் மட்டும்: அப்படியென்றால் பழைய கார் போட்டியில் நடுவர்கள் ஏன் தேதி முத்திரை பார்க்கிறார்கள்?

சரி, இதில் ஒரு புள்ளி உங்களுக்கு. லூகாஸ் டிஸ்டிரிபியூட்டரிலும் விளக்கிலும் மாதமும் ஆண்டுமோ வாரமும் ஆண்டுமோ குத்தியிருக்கும். 1968 வண்டியில் 1974 முத்திரை இருந்தால் நடுவர் கண்ணில் படும். போட்டிக்குக் கொண்டுபோகும் வண்டி என்றால் முத்திரை பார்த்துத்தான் வாங்க வேண்டும், மறுக்கவில்லை. ஆனால் ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு வெளியே போகும் வண்டியில் கதவுக்குள் ஒளிந்திருக்கும் கிளிப்புக்கு என்ன முத்திரை?

மெக்கானிக் மச்சான்: முத்திரையையே போலியாகக் குத்தித் தருகிறார்களே, அதற்கென்ன சொல்கிறீர்கள்?

அசல் மட்டும்: அது மோசடி. அதற்காக எல்லோரும் எதையாவது மாட்டிக்கொள்ளலாமா?

இரண்டு பேரும் தனியாகப் பேசிக்கொள்ளுங்கள், இன்னும் கேள்விகள் காத்திருக்கின்றன.

நிழல்: 1972 ரோல்ஸ் ராய்ஸ் சில்வர் ஷேடோ, ஹைட்ராலிக் சீல்கள் வேண்டும். சில்வர் ஸ்பிரிட் வண்டியின் சீல் கிடைக்கிறது, போடலாமா?

கூடாது. ஷேடோவுக்கு ஆர்ஆர்363 என்ற பிரேக் திரவம், 1980-ல் வந்த ஸ்பிரிட்டுக்கு மினரல் ஆயில். ஒன்றுக்கான ரப்பர் மற்றதில் ஊதிப்போகும், பிரேக்கும் இந்த ஹைட்ராலிக்கில்தான் இருக்கிறது. இந்த வண்டியை மட்டுமே பார்க்கும் ஆளிடம் போங்கள், என்னிடம் வேண்டாம்.

பூட்டுப் பிரச்சினை: 123 டீசல், சாவியைத் திருப்பினாலும் எஞ்சின் அணைவதில்லை. எஞ்சின் பாகம் தேட வேண்டுமா?

கதவைத் தேடுங்கள். அந்த வண்டியில் கதவுப் பூட்டும் எஞ்சினை அணைப்பதும் வாக்குவம், அதாவது காற்றை உறிஞ்சும் விசையின் வேலை, ஒரே பம்ப். ஒரு கதவுக்குள் ரப்பர் சவ்வு கிழிந்து காற்று கசிந்தால் அணைக்க வலு இருக்காது. கை பம்ப் வைத்து ஒவ்வொரு கிளையாகச் சோதியுங்கள். கசிவது எது என்று தெரிந்தபின் அந்த ஒன்றை மட்டும் வாங்கினால் போதும்.

மழைக்காலம்: கண்ணாடி ஸ்விட்ச்...

இல்லை. மேலே இரண்டு முறை சொல்லியாயிற்று.

சாம்பல் பென்ஸ்: அண்ணா, வந்துவிட்டேன். குமிழ் இரண்டாக உடைந்திருந்தது, ஒரு பாதியைப் போன வாரம்தான் குப்பையில் போட்டேன். இருக்கும் பாதியில் 115 83 வரை தெரிகிறது, அப்புறம் உடைந்துவிட்டது.

போட்டுவிட்டீர்களா! சரி, போகட்டும். 115 என்றால் முந்தைய தலைமுறை, 1968 முதல் 1976 வரை. 83 என்றால் ஹீட்டர், சரியான இடம்தான். பாகங்களுக்காகப் பிரிக்கும் 115 வண்டிகளைப் பாருங்கள், 123-ஐ விட அங்கே போட்டி குறைவு. தண்டு நுழையும் துளை உங்கள் பாதியில் இருக்கிறதா? இருந்தால் அதன் அகலத்தை வெர்னியரில் அளந்து, ஒரு பக்கம் தட்டையா முழு வட்டமா என்றும் பார்த்து எழுதுங்கள், மீதி நம்பரைத் தேடிப் பார்ப்போம்.