என்கோடர் பூட்டியும் நட்சத்திரம் ஆடுவது ஏன்?

வணக்கம். தொலைநோக்கியை வானத்தோடு சேர்த்துச் சுற்றும் மோட்டரின் தண்டில் என்கோடர் (சுழற்சியை அளக்கும் கருவி) பூட்டியும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை நட்சத்திரம் கிழக்கு மேற்காகப் போய் வருகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் பத்து நிமிடமே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. உங்கள் 144 பல் சக்கரத்தை ஓட்டும் வோர்ம் (பற்களில் பொருந்திச் சுற்றும் திருகு) ஒரு சுற்றுக்கு 598 விநாடி எடுக்கும். பிழை அங்கேதான். மோட்டர் ஒழுங்காகச் சுற்றுவதால் தண்டில் உள்ள என்கோடருக்கு அது தெரியவே வராது.

என்கோடரைத் துருவ அச்சிலேயே (பூமியின் அச்சுக்கு இணையாக நின்று தொலைநோக்கியைச் சுற்றும் அச்சு) பூட்ட வேண்டும். ஆனால் கையிலிருக்கும், சுற்றுக்கு 10,000 எண்ணிக்கை தரும் என்கோடர் போதாது. ஒரு எண்ணிக்கையே 130 வில்விநாடி (ஒரு வில்விநாடி என்பது பாகையில் 3600இல் ஒரு பங்கு). 24 பிட் என்கோடர் (சுற்றுக்குச் சுமார் 1.68 கோடி எண்ணிக்கை) என்றால் 0.08 வில்விநாடிதான். என்கோடர் வளையத்தை மையம் பார்த்துப் பூட்டுவதில் மட்டும் அவசரப்படாதீர்கள்: 50 மி.மீ. ஆரத்தில் 0.01 மி.மீ. விலகினாலே 41 வில்விநாடி வரை பிழை காட்டும். நல்லகாலம், அது ஒரு நாள் முழுக்கப் பரவி வருவதால் குறுகிய படங்களைக் கெடுக்காது. விலை கையைக் கடித்தால் வழிகாட்டிக் கமரா (ஒரு நட்சத்திரத்தைப் பார்த்தபடி மோட்டரைத் திருத்துவது) வாங்குங்கள், அதுவே போதும்.

வடக்கு தெற்காக இழுபடுவது வேறு விஷயம்; துருவ அச்சு வானத்தின் துருவத்தைச் சரியாக நோக்காததால் வருவது, என்கோடர் அதைத் திருத்தாது. யாழ்ப்பாணத்தில் துருவ நட்சத்திரம் சுமார் 10 பாகை உயரத்தில்தான், பனைகளுக்குள் மறைந்துவிடும். அதனால் உச்சிக்கோட்டருகே (வடக்கு தெற்காகத் தலைக்கு மேலே போகும் கோடு) ஒரு நட்சத்திரம், கிழக்கே தாழ்வாக ஒன்று என்று வடக்கு தெற்கு நகர்வைப் பார்த்து அச்சைச் சரிசெய்யுங்கள்.