வாடகை வீடு மாறும்போது நாயையும் பூனையையும் எப்படிப் பழக்குவது?

தனி வீட்டிலிருந்து அபார்ட்மென்டுக்குக் குடிபோகிறோம், பூனை பழைய வீட்டுக்கே ஓடிவிடுமா, நாய் மாடி வீட்டில் தாக்குப்பிடிக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். நாங்களும் ஒரு நாட்டு நாயையும் ஒரு பூனையையும் கூட்டிக்கொண்டு மடிப்பாக்கத்துத் தனி வீட்டிலிருந்து பெருங்குடியில் மூன்றாம் மாடிக்குப் போனவர்கள்தான். இரண்டையும் ஒரே மாதிரி நடத்தாதீர்கள் என்பதுதான் நான் முதலில் சொல்வது. பூனைக்கு வீடு மாறுவதே பிரச்சினை. நாய்க்கு நீங்கள் கூட இருந்தால் வீடு பெரிய விஷயமில்லை, அதற்குப் பிரச்சினை அக்கம்பக்கம்தான்.

பூனை தன் கன்னத்தைச் சுவரிலும் கட்டில் காலிலும் தேய்த்துத் தேய்த்துத்தான் ஓர் இடத்தைத் தனதாக்கிக்கொள்கிறது. கன்னத்தில் அதற்கான சுரப்பிகள் இருக்கின்றன. புது வீட்டில் அந்த வாசனை எங்கேயும் இருக்காது. அதனால் பால் காய்ச்சும் நாளில் பூனையைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். கூட்டம், சாம்பிராணிப் புகை, திறந்து கிடக்கும் வாசல் என்று எல்லாமே அதற்கு எதிரி. சாமான் ஏற்றும் அன்று பழைய வீட்டில் ஏதாவது ஒரு அறையில் விட்டு, 'உள்ளே பூனை, கதவைத் திறக்காதீர்கள்' என்று தாளில் எழுதி ஒட்டிவிடுங்கள். லோடு ஏற்ற வருபவர்கள் கதவைத் திறந்துபோட்டுத்தான் வேலை செய்வார்கள், அவர்களைக் குறை சொல்ல முடியாது. எல்லாம் போய்ச் சேர்ந்த பிறகு கடைசியாகப் பூனையைக் கொண்டுபோங்கள்.

அங்கே முதலில் ஒரே ஓர் அறை போதும். அதன் பழைய துணி, தண்ணீர்க் கிண்ணம், மணல் தட்டு எல்லாம் அங்கேயே இருக்கட்டும். அந்தத் துணியைத் துவைத்துவிடாதீர்கள். கட்டிலுக்கடியில் போய் ஒளிந்துகொண்டால் இழுக்க வேண்டாம், ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு தானே வரும். எங்கள் பூனை முதல் வாரம் பீரோவுக்குப் பின்னாலேயே குடித்தனம் நடத்தியது. தைரியமாக வாலைத் தூக்கிக்கொண்டு நடக்க ஆரம்பித்தால் அடுத்த அறையைத் திறந்துவிடலாம். குறைந்தது இரண்டு மூன்று வாரம் வாசலைத் தாண்ட விடாதீர்கள். பழைய வீடு பக்கத்துத் தெருவிலேயே இருந்தால் இன்னும் அதிக நாள். பழைய அக்கம்பக்கத்தில் சொல்லி வையுங்கள், அங்கே வந்து நின்றால் சோறு வைக்காமல் உங்களுக்கு போன் பண்ணச் சொல்லுங்கள்.

பயத்தில் ஒருநாள் சாப்பிடாமல் இருப்பது சகஜம். இரண்டு நாளாகியும் தொடவே இல்லையென்றால் டாக்டரிடம் காட்டுங்கள். பட்டினி கிடக்கும் பூனைக்கு, குறிப்பாகக் குண்டுப் பூனைக்கு, கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து உயிருக்கே ஆபத்தாகும். ஆண் பூனையாக இருந்து, மணல் தட்டில் திரும்பத் திரும்பப் போய் உட்கார்ந்தும் சிறுநீர் வரவில்லை என்றால் ஒரு வேளைகூடக் காத்திருக்காதீர்கள். இடம் மாறும் பதற்றத்தில் சிறுநீர்ப் பாதை அடைபடுவது உண்டு.

இன்னொன்று, யாரும் யோசிக்காதது. குடிபோகுமுன் வீட்டைப் பளிச்சென்று ஃபினாயில் போட்டுக் கழுவுவோம். பூனை அதில் நடந்து பாதத்தை நக்கும், அது அதற்கு விஷம். நல்ல தண்ணீரால் மறுபடி துடைத்துவிடுங்கள். துணிமணிக்குள் போட்ட அந்துருண்டையும் அப்படித்தான். முன்பு குடியிருந்தவர்கள் சிங்க்குக்கு அடியிலும் பரண்மேலும் எலி மருந்து வைத்துவிட்டுப் போயிருக்கலாம், டார்ச் அடித்துத் தேடுங்கள்.

மூன்றாம் மாடி என்பதால் பால்கனி. பூனை விழுந்தால் காலில்தான் விழும் என்று ஆறுதல் சொல்வார்கள். நியூயார்க்கில் மாடியிலிருந்து விழுந்து ஆஸ்பத்திரிக்கு வந்த 132 பூனைகளைப் பற்றிய 1987 ஆய்வைக் காட்டி, 90 சதவீதம் பிழைத்ததே என்பார்கள். அது ஆஸ்பத்திரி வரை உயிரோடு கொண்டுவரப்பட்டவற்றின் கணக்கு. தெருவிலேயே செத்தவை அதில் இல்லை. வலை அடித்த பிறகு பால்கனியைத் திறங்கள். புறா வலையைச் சில பூனைகள் கடித்தே கிழித்துவிடும், அவ்வப்போது பார்த்துக்கொள்ளுங்கள்.

சரி, நாய். பால் காய்ச்சும் அன்றைக்கே கூட்டிப்போய்க் காலி வீட்டை மோந்து பார்க்க விடலாம், அது குஷியாகிவிடும். அதற்கு முன்னால் ஹவுஸ் ஓனர். "முதல்ல குடிவந்துடுங்க சார், நாயப் பத்தி அப்புறம் பேசிக்கலாம்" என்று புரோக்கர் சொல்வார். கேட்காதீர்கள். அட்வான்ஸ் கொடுக்கும் முன்பே சொல்லி, ஒப்பந்தத்திலும் ஒரு வரி எழுதி வாங்குங்கள். அபார்ட்மென்ட் அசோசியேஷன் வேறு கதை. பெரும்பான்மை ஓட்டுப் போட்டாலும் வளர்ப்பு நாயைத் தடைசெய்யக் கூடாது, லிஃப்டில் ஏற்றாதே என்றும் சொல்லக் கூடாது என்று இந்திய விலங்குகள் நல வாரியம் 2015இல் வழிகாட்டுதல் கொடுத்திருக்கிறது. கையில் வைத்திருங்கள், ஆனால் முதல் நாளே அதை நீட்டிச் சண்டைக்குப் போக வேண்டாம். கீழ்வீட்டுப் பாட்டிக்கு நாயை அறிமுகம் செய்துவைப்பது அதைவிட நன்றாக வேலை செய்யும். சென்னை மாநகராட்சி உரிமமும் வெறிநாய்த் தடுப்பூசிச் சான்றும் தயாராக இருந்தால் பாதிப் பேச்சு அடங்கிவிடும். மைக்ரோசிப் போட்டிருந்தால் முகவரியை மாற்றுங்கள்.

தெருநாய்கள்தான் உண்மையான அசோசியேஷன். புதுத் தெருவில் உங்கள் நாய் அந்நியன். அந்தத் தெருவில் யார் அவற்றுக்குச் சோறு வைக்கிறார் என்று விசாரியுங்கள், அவர் கூட வந்தால் முதல் சில நடைகள் சுலபமாகும். எங்களுக்கு டீக்கடை அண்ணன் உதவினார். தெரு வெறிச்சோடிக் கிடக்கும் நேரத்தில் போகாதீர்கள். கழுத்துப்பட்டைக்குப் பதில் நெஞ்சோடு சேரும் பெல்ட் போடுங்கள், பயத்தில் உருவிக்கொண்டு ஓடாது. கொல்லை மண்ணில் பழகிய நாய் மாடியில் மணிக்கணக்காக அடக்கிக்கொண்டு நிற்கும். நேரம் தவறாமல் கீழே கூட்டிப்போனால் சில நாளில் சரியாகிவிடும். புது இடத்து உண்ணியும் ஒட்டும், உண்ணிக் காய்ச்சல் வராமலிருக்க உண்ணி மருந்தைத் தவறவிடாதீர்கள்.

பயணத்துக்கு அவில் (அலர்ஜி) மாத்திரை கொடுத்துத் தூங்கவைக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள், டாக்டர் எடை பார்த்து எழுதிக் கொடுக்கட்டும். வெளியூர் என்றால், ரயிலில் நாயை உடன் வைத்துக்கொள்ள ஏ.சி. முதல் வகுப்பில் இருவர் கூபேயோ நால்வர் கேபினோ முழுதாக உங்களுக்கே கிடைக்க வேண்டும், பார்சல் அலுவலகத்தில் நாய்க்கும் கட்டணம் கட்ட வேண்டும். கூபே கிடைத்ததா என்பது சார்ட் போட்ட பிறகுதான் தெரியும். இல்லையென்றால் ரயில் கார்டின் (guard) பெட்டியில் இருக்கும் கூண்டுதான், அதை நான் என் நாய்க்குச் செய்ய மாட்டேன். காரே மேல்.