மாதம் முன்னாலா, நாள் முன்னாலா?

கேள்வி: அமெரிக்காவில் படிக்கும் மகனின் பட்டமளிப்பு விழா 05/06 அன்று என்று அழைப்பிதழில் இருக்கிறது. மே 6ஆ, ஜூன் 5ஆ? டிக்கெட் போட வேண்டும்.

மே 6. அங்கே அச்சடித்த அழைப்பிதழ் என்றால் மாதம்தான் முதலில் வரும். ஆனால் மகன் கைப்பட எழுதி அனுப்பிய தேதியாக இருந்தால், டிக்கெட் போடும் முன் ஒரு போன் செய்து கேட்டுவிடுங்கள். அவர் பழைய பழக்கத்தில் நாளை முன்னால் போட்டிருக்கலாம்.

மாதத்தின் முதல் 12 நாட்களில்தான் இந்த வம்பு. 25ஆவது மாதம் என்று ஒன்று கிடையாது, அதனால் 25/12இல் யாருக்கும் குழப்பம் வராது. 12 மாதத்துக்கும் 12 நாள் என்று பெருக்கினால் 144, அதில் 1/1, 2/2 போல எப்படிப் படித்தாலும் ஒன்றாகவே இருக்கும் 12 நாட்களைக் கழித்துவிட்டால் வருடத்தில் 132 நாட்களை இரண்டு விதமாகப் படிக்க முடியும். இது சின்ன எண்ணிக்கை இல்லை.

எனக்கே பட்ட அனுபவம் உண்டு. அங்கே ஒரு மருத்துவமனைப் படிவத்தில் என் பிறந்த தேதியை 08/11 என்று எழுதிக் கொடுத்தேன். நான் பிறந்தது நவம்பர் 8, அவர்கள் பதிந்துகொண்டது ஆகஸ்ட் 11. காப்பீட்டு அட்டையில் இருந்த தேதியோடு அது ஒத்துப்போகவில்லை. பாஸ்போர்ட்டைக் காட்டி, விளக்கம் சொல்லி, வேறொரு படிவம் நிரப்பிக் கொடுத்து வெளியே வருவதற்குள் அரை நாள் போய்விட்டது. அன்றிலிருந்து மாதத்தை எழுத்தில்தான் எழுதுகிறேன், "8 நவம்பர்" என்று. கணினியில் என்றால் வருடம், மாதம், நாள் என்ற வரிசை. ஐஎஸ்ஓ 8601 என்று 1988இல் வந்த சர்வதேச முறை இது. 2027-05-06 என்று கோப்புகளுக்குப் பெயர் வைத்துப் பாருங்கள், தானாகவே காலவரிசையில் நிற்கும்.

கேள்வி: உலகமே மீட்டருக்கு மாறிவிட்டது. அமெரிக்கா மட்டும் ஏன் அடம்பிடிக்கிறது?

அடம் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1866லேயே அங்கே மெட்ரிக் அளவுகள் சட்டப்படி செல்லும். 1875இல் பாரிஸில் மீட்டர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்ட நாடுகளில் அமெரிக்காவும் ஒன்று. 1893 முதல் அவர்களுடைய கெஜத்துக்கும் பவுண்டுக்கும் அடிப்படையே மீட்டரும் கிலோகிராமும்தான். 1959இல் ஒரு அங்குலம் என்பது மிகச் சரியாக 25.4 மில்லிமீட்டர் என்று முடிவானது. அங்குல டேப்பைப் பிடித்து அளப்பவரும் உள்ளுக்குள் மெட்ரிக்கில்தான் அளக்கிறார்.

அப்புறம் எங்கே நின்றுபோனது? 1975இல் அதிபர் ஜெரால்டு ஃபோர்டு கையெழுத்திட்ட சட்டம் மாற்றத்தை அவரவர் விருப்பத்துக்கு விட்டுவிட்டது. விருப்பம் என்று சொன்ன பிறகு சாலைப் பலகைகளையும் தொழிற்சாலை அச்சுகளையும் கைக்காசு போட்டு யார் மாற்றுவார்கள்? அதற்காக அமைத்த வாரியத்தையும் 1982இல் மூடினார்கள். அரிசோனாவில் டூசானிலிருந்து நோகாலஸ் போகும் ஐ-19 நெடுஞ்சாலையில் மட்டும் தூரத்தைக் கிலோமீட்டரில் காட்டும் பலகைகள் அந்தக் கால முயற்சியின் மிச்சமாக நின்றன. கடைக்குள் போனால் பால் கேலனில், சோடா 2 லிட்டர் பாட்டிலில். மாத்திரை மில்லிகிராமில்.

இந்தக் கலப்படம்தான் ஆபத்து என்பது என் கருத்து. எந்த அளவானாலும் எல்லோரும் ஒன்றையே பிடித்துக்கொண்டால் பிரச்சினை இல்லை. 1999 செப்டம்பரில் நாசாவின் மார்ஸ் கிளைமேட் ஆர்பிட்டர் விண்கலம் செவ்வாய்க்கு அருகில் போய்த் தொலைந்தது. ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டில் கொடுத்தது, வாங்கிக்கொண்ட தரப்பு அதை மெட்ரிக் அலகான நியூட்டன் என்று எடுத்துக்கொண்டது. ஒரு பவுண்டு விசை ஏறக்குறைய 4.45 நியூட்டன். எண்ணுக்குப் பக்கத்தில் அலகை எழுதிப் பார்த்திருந்தால் முதல் நாளே பிடிபட்டிருக்கும்.

கேள்வி: அமெரிக்கச் சமையல் குறிப்பில் ஓவனை 350 டிகிரியில் வைக்கச் சொல்கிறார்கள். என் ஓவனில் 250க்கு மேல் இல்லையே?

அது ஃபாரன்ஹீட். 32ஐக் கழித்து, 5ஆல் பெருக்கி, 9ஆல் வகுங்கள், 177 செல்சியஸ் வரும். 175இல் வைத்தால் சரி. "30ஐக் கழித்துப் பாதியாக்கு" என்றொரு குறுக்குவழி சொல்வார்கள், அது வானிலை பார்க்க மட்டும்தான் உதவும்: 70க்கு 20 வரும், உண்மையில் 21. ஆனால் 350க்கு அது 160 என்று சொல்லும், கேக் நடுவில் வேகாது.

கேள்வி: பிரிட்டனின் கேலனும் அமெரிக்கக் கேலனும் ஒன்றா?

இல்லை. பிரிட்டனுடையது ஏறக்குறைய 4.55 லிட்டர், அமெரிக்காவுடையது 3.79.

கேள்வி: இங்கே தயாரித்த விண்ணப்பத்தை அமெரிக்காவில் அச்சடித்தால் கடைசி வரி வெட்டுப்படுகிறது.

அங்கே ஏ4 தாள் புழக்கத்தில் இல்லை, லெட்டர் என்ற அளவுதான். ஏ4ஐவிட அகலம் 6 மில்லிமீட்டர் கூடுதல், உயரம் 18 மில்லிமீட்டர் குறைவு, அதனால்தான் அடியில் இருப்பது போய்விடுகிறது. கோப்பை அனுப்பும் முன்பே பக்க அளவை லெட்டருக்கு மாற்றி, கையெழுத்துப் போடும் இடம் அதே பக்கத்தில்தான் நிற்கிறதா என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.